இரண்டு முறை தோற்ற அண்ணலும் நம் ரகசிய ஓட்டும்

நம் மாவட்டத்துக் காலனிகள் பலவற்றின் முகப்பில் அண்ணல் அம்பேத்கர் நிற்கிறார். சில இடங்களில் சிமெண்டுச் சிலை, சில இடங்களில் சுவரில் எழுதிய படம். கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்த சிலைகளும் உண்டு. அவர் கையில் இருக்கும் புத்தகம் அரசியல் சட்டம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் மக்களவைக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவர் என்பது கல்லூரி மாணவர்கள் பலருக்கும் தெரியாது. சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள்.

இந்த நாட்டில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் போராடியவர் அவர். அந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் போடலாம் என்கிற சட்டம் அவர் சட்ட அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. அந்தச் சட்டப்படி நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே அவர் தோற்றார். ஓட்டை வைத்தே அவர் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஓட்டு நமக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது. அதைப் பயமில்லாமல் போடும் உரிமை இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது.

வரி கட்டியவருக்கே ஓட்டு

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் மௌ என்ற ராணுவ முகாம் ஊரில் பீமராவ் பிறந்தார். ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதிக்குப் பதினான்காவது பிள்ளை. தந்தை ராணுவத்தில் சுபேதார். ஆனாலும் மகர் சாதிப் பிள்ளை என்பதால் பள்ளியில் மற்றவர்களோடு உட்கார முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை ஒரு மூலையில் விரித்து உட்கார்ந்தார். தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. பியூன் வந்து ஊற்றினால் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

1912-ல் பம்பாயில் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பிறகு லண்டன். 1917-ல் பரோடா அரசுப் பணிக்கு வந்தபோது அந்த நகரத்தில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. தான் யார் என்பதை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாளில் தெரிந்துவிட்டது. தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்றவருக்கும் சாதி தெரிந்தால் திண்ணைகூட இல்லை என்பதை அன்று அனுபவித்தார்.

1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். மறு ஆண்டு ஜனவரியில் சவுத்பரோ குழு பம்பாய்க்கு வந்தது. இந்தியாவில் யாருக்கெல்லாம் ஓட்டு தரலாம் என்று விசாரிக்க ஆங்கில அரசு அமைத்த குழு அது. இருபத்தேழு வயதுப் பேராசிரியர் அதன் முன் போய்ச் சாட்சியம் சொன்னார்.

அன்றைய முறைப்படி நில வரி, வீட்டு வரி போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்குக் கட்டுகிறவருக்கும், சொத்தோ படிப்போ உள்ள சிலருக்கும்தான் ஓட்டு. அம்பேத்கர் சொன்னது எளிய கணக்கு. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு நிலம் வாங்க விடுவதில்லை, கடை வைக்க விடுவதில்லை, படிக்க விடுவதில்லை. பிறகு நிலமும் படிப்பும் இருந்தால்தான் ஓட்டு என்றால் அவனுக்கு என்றைக்கும் ஓட்டு வராது. எனவே ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தகுதி வரம்பைக் குறைக்க வேண்டும், அவர்களுடைய ஆட்களை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். பண்ணையில் வேலை செய்தவர்கள் வாழ்ந்த நம் ஊர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

எல்லோருக்கும் ஓட்டு

1920-ல் மூக்நாயக் என்ற இதழைத் தொடங்கினார். மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடித்து வந்தார். 1924-ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை அமைத்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்த ஆண்டுதான் பம்பாய் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் பொறுப்பேற்றார். அது நியமனப் பதவி. அவருக்கு ஓட்டுப் போட்டு அனுப்பும் அளவுக்கு அவர் மக்களிடம் அன்று ஓட்டு இல்லை.

1928-ல் சைமன் கமிஷன் வந்தது. காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. அம்பேத்கர் அதன் முன் போய், வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. தன் வாழ்க்கையில் எது நல்லது, எது கெட்டது என்று தெரிந்துகொள்ள எழுத்து தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு.

1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர். மற்றொருவர் நம் தமிழ் மண்ணிலிருந்து போன இரட்டைமலை சீனிவாசன். எல்லோருக்கும் ஓட்டு, தங்கள் ஆட்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கத் தனி வாக்காளர் தொகுதி என்ற கோரிக்கைகளை இருவரும் அங்கே வைத்தார்கள். 1932-ல் லோதியன் குழுவில் உறுப்பினராக அம்பேத்கர் மாகாணங்களைச் சுற்றினார். சில மாகாணங்களில் தீண்டத்தகாதவர்களின் எண்ணிக்கையையே குறைத்துக் காட்ட முயற்சி நடந்தது. எண்ணிக்கை குறைந்தால் இடமும் குறையும். அதை எதிர்த்து அவர் தனிக் குறிப்பு எழுதினார்.

தனித் தொகுதி என்று நாம் சொல்வது

இங்கே மாணவர்கள் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று அரூர் தனித் தொகுதி என்கிறோம். அங்கே வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாச் சாதியினரும். அம்பேத்கர் கேட்டது இது அல்ல. வேட்பாளரும் ஒடுக்கப்பட்டவர், ஓட்டுப் போடுகிறவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள் என்கிற தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டார். ஊரின் தயவு இல்லாமல் சேரி தன் ஆளைத் தேர்ந்தெடுக்க அதுதான் வழி என்று நினைத்தார்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதைத் தந்தது. ஒடுக்கப்பட்டவருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தங்கள் தொகுதியில், மற்றொன்று பொதுத் தொகுதியில். அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். காந்தியின் உயிருக்கு ஏதாவது ஆனால் நாடெங்கும் சேரிகளின் கதி என்ன ஆகும் என்ற கேள்வி அம்பேத்கர் தலையில் விழுந்தது. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தனி வாக்காளர் தொகுதி போனது. மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. ஒடுக்கப்பட்டவர்கள் மட்டும் முதல் சுற்றில் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து இரண்டாம் சுற்றில் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஏற்பாடு.

நம் தலைவர்களுக்குள்ளும் அன்று கருத்து வேறுபாடு இருந்தது. எம்.சி. ராஜா கூட்டுத் தொகுதிதான் நல்லது என்றார். ஊரோடு ஒட்டி வாழ வேண்டியவர்கள் தனியே போய்ப் பிழைக்க முடியாது என்று அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது. ஆனால் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு சேரிக்காரர் ஊர்க்காரரோடு ஒரே சாவடியில், ஒரே வரிசையில் ஓட்டுப் போட வேண்டிய நிலை வந்தது. கூலி தருகிறவரும் கடன் தருகிறவரும் அதே வரிசையில் நிற்பார்கள். அப்படி நிற்கும்போது ஏழைக்கு இருக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு, தான் யாருக்குப் போட்டேன் என்பது அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதுதான். தனித் தொகுதி இல்லாமல் போன இடத்தில் ரகசிய ஓட்டின் தேவை பல மடங்கு கூடியது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. இங்கிலாந்தில் 1872 வரை எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார்கள். 1868 தேர்தலில் நிலப்பிரபுக்களின் விருப்பத்துக்கு மாறாக ஓட்டுப் போட்ட வேல்ஸ் நாட்டுக் குத்தகை விவசாயிகள் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த அநியாயங்கள்தான் ரகசிய வாக்குச் சட்டத்துக்கு வழி திறந்தன.

பெட்டிகளின் காலம்

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அம்பேத்கர், 1937 தேர்தலில் பம்பாயில் வென்றார். அவர் கட்சி நிறுத்திய வேட்பாளர்களில் பெரும்பாலோரும் வென்றார்கள். அந்தத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் நிறம் பூசிய பெட்டிகள் வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. மஞ்சள் பெட்டி என்பது நம் பாட்டன்மார் நாவில் வெகுகாலம் நின்ற சொல்.

1942-ல் அகில இந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு உருவானது. அதன் தலைவராகச் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 1946 தேர்தலில் கூட்டமைப்பு பெரும் தோல்வி கண்டது. நம் மக்கள் மட்டும் ஓட்டுப் போட்ட முதல் சுற்றில் கூட்டமைப்புக்கு இருந்த ஆதரவு, எல்லோரும் ஓட்டுப் போட்ட இரண்டாம் சுற்றில் கரைந்துவிட்டது என்று அம்பேத்கர் கணக்குக் காட்டி வாதாடினார். பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக முடியாத நிலையில், வங்காளத்தின் ஜோகேந்திரநாத் மண்டலின் முயற்சியால் அந்த மாகாணத்திலிருந்து சபைக்குப் போனார். பிரிவினைக்குப் பிறகு அந்த இடம் போனதும் பம்பாயிலிருந்து மறுபடி தேர்வானார். 1947 ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைந்தது. அதன் தலைவர் ஆனார்.

அந்தச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்கிறது. அன்று 21 வயது. 1989 முதல் 18. 325-ஆம் பிரிவு, சாதி, மதம், இனம், பால் பார்த்து யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 324-ஆம் பிரிவு, தேர்தலை நடத்த ஒரே மத்திய ஆணையத்தை அமைக்கிறது. மாகாண அரசுகளிடம் விட்டால், அங்கே பெரும்பான்மையாக இருப்பவர்கள் வேறு இனத்தவரையும் மொழியினரையும் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவார்கள் என்ற புகார்கள் வந்ததை 1949 ஜூனில் சபையில் எடுத்துச் சொல்லித்தான் அவர் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தார். 1919-ல் அவர் கேட்டது முப்பது ஆண்டு கழித்து நாட்டின் சட்டம் ஆனது.

குடியரசுத் தலைவர் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பாக நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. உங்களுக்கும் எனக்கும் உள்ள ரகசிய ஓட்டு 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 94-ஆம் பிரிவுப்படி, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி எந்த வாக்காளரையும் கட்டாயப்படுத்த முடியாது. 128-ஆம் பிரிவுப்படி, வாக்குப்பதிவிலும் எண்ணிக்கையிலும் பணி செய்யும் அலுவலரோ ஏஜெண்டோ அந்த ரகசியத்தைக் காக்க வேண்டும். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 1951 ஜூலையில் இந்தச் சட்டம் நிறைவேறியபோது அம்பேத்கர் சட்ட அமைச்சர். செப்டம்பரில் அவர் பதவி விலகினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது முக்கியக் காரணம்.

பம்பாயிலும் பண்டாராவிலும்

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 17 கோடியே 32 லட்சம் வாக்காளர்கள். தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. மறைப்புக்குள் பெட்டிகள் வரிசையாக இருக்கும். வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தனக்கு வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். சீட்டில் எந்தக் குறியும் இல்லை. மறைப்புக்குள் ஒருவர்தான் போகலாம். கூலி தருகிறவரும் அங்கே கூட வர முடியாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கண் பார்த்தே நடந்த மக்களுக்கு, யாரும் பார்க்காத இடத்தில் தானே முடிவு எடுத்த அனுபவம் அது.

அன்று சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஓர் இடம் பொது, ஓர் இடம் ஒதுக்கீடு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு சீட்டு. இரண்டையும் வேறு வேறு பெட்டியில் போட வேண்டும். ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. பம்பாய் நகர வடக்கு அப்படிப்பட்ட தொகுதி. அம்பேத்கர் யானைச் சின்னத்தில் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றார். சோசலிஸ்ட் கட்சியின் அசோக் மேத்தா பொது இடத்துக்கு நின்றார். இருவரும் கூட்டணி.

காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137 ஓட்டுப் பெற்றார். அம்பேத்கர் 1,23,576. வித்தியாசம் 14,561. அந்தத் தொகுதியில் வீணான ஓட்டுகள் 74,333. இரண்டாவது ஓட்டை வீணாக்கும்படி திட்டமிட்டுப் பிரச்சாரம் நடந்தது என்று அம்பேத்கரும் மேத்தாவும் தேர்தல் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார்கள். மனு தள்ளுபடி ஆனது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 74,333 ஓட்டுகளுக்கு உரியவர்கள் யார், ஏன் அப்படிப் போட்டார்கள் என்று எந்த வாக்காளரையும் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்ல வைக்க முடியாது. அவர் அமைச்சராக இருந்தபோது வந்த 94-ஆம் பிரிவே அதைத் தடுக்கிறது. தனக்கு எதிராகப் போன ஓட்டுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ரகசிய ஓட்டு என்றால் அதுதான். நமக்குப் பிடித்த ஓட்டுக்கு மட்டும் அது கிடையாது.

1954-ல் பண்டாராவில் இடைத்தேர்தல். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதி. இம்முறை அம்பேத்கரின் ஆதரவாளர்கள் சிலரே ஒரு யோசனை சொன்னார்கள் என்றும், நம் மக்கள் இரண்டாவது ஓட்டை யாருக்கும் பயன்படாமல் விட்டால் அண்ணல் சுலபமாக வெல்லலாம் என்பது அந்த யோசனை என்றும் அவர் இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அம்பேத்கர் அதற்கு இணங்கவில்லை. ஓட்டை வீணாக்கச் சொல்லும் வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். பொது இடத்தில் அசோக் மேத்தா வென்றார். அம்பேத்கர் காங்கிரசின் பாவுராவ் போர்க்கரிடம் எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

மாநிலங்களவை உறுப்பினராகவே அவர் கடைசி வரை இருந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார். நாட்டுக்கே ஓட்டுப் பெற்றுத் தந்தவர் மக்களவைக்குள் மக்கள் ஓட்டால் ஒருநாளும் நுழையவில்லை.

காலனிக்கு மறைப்பு இல்லை

அவர் மறைந்த பிறகு முறைகள் மாறின. இரட்டை உறுப்பினர் தொகுதிகளை 1961-ல் சட்டம் ஒழித்தது. பெட்டியில் போடாமல் சீட்டை வெளியே கொண்டுவந்து விற்கிறார்கள் என்ற புகாரால் தனிப் பெட்டி முறையும் போய், 1962 பொதுத்தேர்தலில் சீட்டிலேயே முத்திரை குத்தும் முறை வந்தது. எண்ணும் முன் பல சாவடிச் சீட்டுகளைக் கலக்கும் முறையும் நடைமுறையில் இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. எண்ணிக்கை சுலபமானது. ஆனால் கலப்பது நின்றது. இயந்திரம் இயந்திரமாக எண்ணுகிறார்கள். ஏஜெண்டுகள் பூத் பூத்தாகக் குறித்துக்கொள்கிறார்கள். படிவம் 20 என்ற பட்டியலில் ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் வெளியாகிறது. உங்கள் ஒருவரின் ஓட்டு இன்றும் ரகசியம்தான். அதை எந்த இயந்திரமும் காட்டிக்கொடுக்காது. ஆனால் காலனிப் பள்ளியில் உள்ள சாவடியில் காலனிக்காரர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டால், காலனி யாருக்குப் போட்டது என்பது மறுநாளே டீக்கடையில் தெரிந்துவிடும். தனி மனிதனுக்கு உள்ள மறைப்பு காலனிக்கு இல்லை.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. ஊருக்குள் போய் ஓட்டுப் போட அஞ்சும் நம் மக்கள், காலனியிலேயே சாவடி வேண்டும் என்று கேட்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. சாவடிக்குப் போகும் வழியில் தடுக்கப்படாமல் இருக்க அது உதவும். ஆனால் எண்ணும்போது அதே சாவடி காலனியைத் தனியே காட்டிக் கொடுக்கிறது. போகும்போது பாதுகாப்பு, எண்ணும்போது ஆபத்து.

இந்த ஆபத்து கற்பனை அல்ல. 2019-ல் அண்ணல் பிறந்தநாளுக்கு நான்காம் நாள், ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தல். அன்றைக்கே அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. நம் மாவட்டத்தில் முறைகேடு புகார்கள் எழுந்து, பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதியில் எட்டு வாக்குச்சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிந்ததற்குத் தேர்தல் காரணம் இல்லை. ஆனால் ஒருவர் மேல் வரும் கோபத்துக்குக் காலனி முழுவதும் விலை கொடுக்க நேரும் என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் நூறு நாள் வேலைக்கும் அடுத்தவர் தயவை எதிர்பார்க்கும் இடத்தில், பூத் கணக்கு ஒரு மிரட்டல் சீட்டு ஆகிவிடும்.

இதற்கு ஒரு தீர்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது. பதினான்கு இயந்திரங்கள் வரை ஒன்றாக இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பூத் வாரியாக எண்ணினால்தான் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று மறுதரப்பு சொல்கிறது. அந்த வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சரிபார்க்கும் கணக்கு அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திடமும் இருந்தால் போதும். ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

நம் கையில் உள்ளவை

கருவி வரும்வரை சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்றோ ஓட்டே போடக் கூடாது என்றோ மிரட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, தேர்தல் முடிந்த பின் அடிப்பதும், ஊர் விலக்கு வைப்பதும், கிடைக்க வேண்டிய அரசு உதவியைத் தடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். பூத் கணக்கைக் காட்டி யாராவது குழாய்த் தண்ணீரை நிறுத்தினால் அது அரசியல் கோபம் அல்ல, வழக்குப் போடக் கூடிய குற்றம்.

கண் தெரியாத, உடல் முடியாத வாக்காளர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். யாரை என்று முடிவு செய்வது அந்த வாக்காளர்தான், ஏஜெண்டு அல்ல. ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம். ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக யாரும் கூட வர முடியாது. நம் வீட்டுக் கிழவியோடு மறைப்புக்குள் நுழைந்து உதவி செய்கிறவரைத் தடுக்க, சாவடித் தலைமை அலுவலரிடம் இந்த விதியைச் சொன்னால் போதும். படித்த பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை இது.

யாருக்கும் ஓட்டில்லை என்பதும் ரகசியம்தான். முன்பு அதை அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. அதன் பிறகுதான் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது.

பணம் கொடுத்துக் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. வாங்கிவிட்டோமே, சாமிக்குத் தெரியுமே என்று வயதானவர்கள் தவிக்கிறார்கள். காசு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றத்தின் மேல் செய்த சத்தியம் யாரையும் கட்டாது. சத்தியம் வாங்கியவர் மறைப்புக்குள் வர முடியாது.

பண்டாராவில் தன் வெற்றிக்காகக்கூட ஓட்டை வீணாக்கச் சொல்ல மறுத்தவர் அம்பேத்கர். தனக்கு எதிராக விழுந்த ஓட்டையும் ரகசியமாகவே விட்டுப் போனவர். காலனி முகப்பில் அவர் சிலைக்கு மாலை போடும் நாம், அடுத்த தேர்தலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்காமல் இருந்தாலே அவர் வாங்கித் தந்ததில் பாதியைக் காப்பாற்றியதாகும். மீதிப் பாதி, நம் காலனியின் ஓட்டும் மற்ற ஊர்களின் ஓட்டோடு கலந்து எண்ணப்படும் நாள் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது.